இரு கட்சியும் சேர்ந்து போட்ட உத்தரவு, நாலு வருஷம் தாமதமாக வந்த பணம்

கேள்வி: அமெரிக்காவில் குடியரசுக் கட்சியும் ஜனநாயகக் கட்சியும் எதிலும் ஒத்துப்போவதில்லை என்கிறார்கள். இரண்டும் கைகோத்து நிறைவேற்றிய சட்டம் ஏதாவது பொதுமக்கள், சிறு நிறுவனங்கள், நாட்டின் பாதுகாப்பு மூன்றுக்கும் உண்மையிலேயே உதவியிருக்கிறதா? இந்தியாவில் அதற்கு ஒப்பானது உண்டா?

பதில்: உண்டு. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு விரிவாகச் சொல்கிறேன். 2020 மார்ச் 12 அன்று கையெழுத்தான பாதுகாப்பான, நம்பகமான தகவல்தொடர்பு வலையமைப்புச் சட்டம். தொலைத்தொடர்புக்காரர்கள் இந்த முழு நீளப் பெயரைச் சொல்வதில்லை. 'ரிப் அண்ட் ரீப்ளேஸ்' என்பார்கள். நம் மொழியில் 'பிடுங்கி மாற்று'. ஹுவாவே, இசட்டிஇ என்ற இரண்டு சீன நிறுவனங்களின் கருவிகளை அமெரிக்கச் சிறு செல்போன் நிறுவனங்களின் டவர்களிலிருந்து கழற்றிவிட்டு வேறு கருவி பொருத்துவது. செலவை அரசு திருப்பித் தருவது. இவ்வளவுதான் திட்டம். உத்தரவு போடுவதில் இரு கட்சிக்கும் சண்டையே வரவில்லை. பணம் ஒதுக்குவதில்தான் எல்லாம் முட்டிக்கொண்டு நின்றது. 'இருகட்சி ஆதரவு' என்ற சொல்லை எங்கே பார்த்தாலும், ஆதரவு உத்தரவுக்கா பணத்துக்குமா என்று நான் முதலில் பார்ப்பது இதனால்தான்.

முதலில், அந்தக் கருவிகள் அங்கே எப்படி வந்தன? பெரிய நிறுவனங்கள் ஹுவாவே பக்கம் போகவில்லை. வாங்கியவை பெரும்பாலும் வயோமிங், மொன்டானா, கொலராடோ, அலபாமா போன்ற மாநிலங்களில் கிராமப்புறங்களுக்குச் சேவை தரும் சிறு நிறுவனங்கள். முப்பது மைலுக்கு நாலு பண்ணை வீடு இருக்கும் இடத்தில் ஒரு டவர் நட்டால் வருமானம் எவ்வளவு வரும்? விலை குறைவாக, கூப்பிட்ட நேரத்துக்கு ஆள் அனுப்பும் விற்பனையாளரிடம்தான் வாங்குவார்கள். அப்போது அது சட்டப்படி சரியான கொள்முதல்.

எச்சரிக்கை இல்லாமல் இல்லை. 2012 அக்டோபரிலேயே காங்கிரஸ் எனப்படும் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபையின் உளவுத்துறைக் குழு, தலைவர் மைக் ரோஜர்ஸ் (குடியரசுக் கட்சி), எதிர்த்தரப்பின் மூத்த உறுப்பினர் டட்ச் ருப்பர்ஸ்பெர்கர் (ஜனநாயகக் கட்சி) இருவரும் சேர்ந்து, இந்த இரு நிறுவனங்களையும் நம்ப வேண்டாம் என்று அறிக்கை தந்தார்கள். ஆனால் அறிக்கை என்பது தடை அல்ல. 2018 ஆகஸ்டில் வந்த பாதுகாப்புத் துறைச் சட்டத்தின் 889-ஆம் பிரிவு அரசுக் கொள்முதலில் மட்டும் தடை போட்டது. 2019 நவம்பரில் எஃப்.சி.சி. எனப்படும் தகவல்தொடர்பு ஆணையம், கிராமச் சேவைக்காகத் தான் தரும் மானியத்தில் இந்தக் கருவிகளை வாங்கக்கூடாது என்றது. ஏற்கெனவே டவரில் தொங்கிக்கொண்டிருப்பதை என்ன செய்வது என்பதற்கு இரண்டிலுமே வழியில்லை.

அந்த வழியைத்தான் 2020 சட்டம் போட்டது. பிரதிநிதிகள் சபையில் முன்மொழிந்தவர்கள் நால்வர்: ஜனநாயகக் கட்சியின் ஃபிராங்க் பல்லோன், டோரிஸ் மட்சுயி, குடியரசுக் கட்சியின் கிரெக் வால்டன், பிரெட் கத்ரி. 2019 டிசம்பர் 16 அன்று சபையில் குரல் வாக்கெடுப்பிலும், 2020 பிப்ரவரி 27 அன்று மேலவையான செனட்டில் ஒருமித்த சம்மதத்திலும் நிறைவேறியது. அதே காலகட்டத்தில்தான் டிரம்ப் மீதான முதல் பதவிநீக்க விசாரணையும் நடந்துகொண்டிருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

எப்படி முடிந்தது என்பதற்கு ஒரு நடைமுறைக் காரணம் உண்டு. சபையில் 'விதிகளை நிறுத்திவைத்தல்' என்றொரு வழி இருக்கிறது. விவாதம் 40 நிமிடம்தான், சபையில் திருத்தம் கொண்டுவர முடியாது, ஆனால் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். எதிர்க்கட்சி இல்லாமல் இந்த எண்ணிக்கை வராது. திருத்தம் இல்லாததால் சம்பந்தமில்லாத சர்ச்சையை யாரும் உள்ளே சொருக முடியாது. செனட்டில் ஒருமித்த சம்மதம் என்றால் ஒரே ஒரு உறுப்பினர் மறுத்தாலும் அந்த வழி அடைபடும். ஆக, இந்த வழிகளில் போகும் மசோதாக்களின் கூர்மையான பகுதிகளெல்லாம் குழுவிலேயே தேய்த்து மழுக்கப்பட்டுவிடும்.

இந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த கெட்டிக்காரத்தனம் தடைப்பட்டியல் தயாரிக்கும் முறை. எந்தக் கருவி ஆபத்து என்று எஃப்.சி.சி. சொந்தமாக முடிவுசெய்ய முடியாது. பாதுகாப்பு சார்ந்த துறைகளோ, வணிகத் துறையோ, 889-ஆம் பிரிவைப் போல காங்கிரசே போட்ட சட்டமோ ஒரு கருவியைச் சுட்டிக்காட்டினால்தான் அது பட்டியலில் ஏறும். சுட்டிக்காட்டிவிட்டால் ஏற்றாமல் இருக்கவும் முடியாது. வணிகப் போட்டியில் யாருக்கோ சாதகமாக ஆணையம் நடந்துகொள்ளும் என்ற பயம் ஒரு பக்கமும், ஆணையம் சும்மா இருந்துவிடும் என்ற பயம் மறுபக்கமும் இருந்தன. இரண்டுக்கும் ஒரே பூட்டு. முதல் பட்டியல் 2021 மார்ச் 12 அன்று வந்தது: ஹுவாவே, இசட்டிஇ, வாக்கி-டாக்கி செய்யும் ஹைட்டெரா, கண்காணிப்பு கேமரா செய்யும் ஹிக்விஷன், தாஹுவா. எல்லாம் சீன நிறுவனங்கள்.

இனி டவர் பக்கம் வருவோம். பழைய பெட்டியைக் கழற்றி புதிய பெட்டியை மாட்டுவதற்கு ஏன் இவ்வளவு பாடு என்று கேட்பவர்கள் அதிகம்.

ஒரு 4ஜி தளத்தில் மேலே ஆன்டெனாவும், அதனருகே ரேடியோப் பெட்டியும் இருக்கும். கீழே அறையில் அல்லது இரும்புப் பெட்டிக்குள், சிக்னலைக் கையாளும் பேஸ்பேண்ட் கருவி. இரண்டையும் இணைப்பது ஃபைபர் கேபிள். அந்த கேபிளில் இரண்டு பெட்டியும் பேசிக்கொள்ளும் மொழி ஒவ்வொரு நிறுவனத்துக்கும் வேறு. பெயரளவில் பொதுத்தரம் என்றாலும், ஹுவாவே ரேடியோவை நோக்கியா பேஸ்பேண்டில் சொருகினால் வேலை செய்யாது. ஆகவே பாதியை மாற்றிவிட்டு மீதியை அடுத்த வருஷம் பார்ப்போம் என்பதற்கு இடமில்லை. ஒரு தளத்தைத் தொட்டால் மேலும் கீழும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

அதற்கும் முன்னால் 'கோர்' எனப்படும் மையப் பகுதி. எந்த சிம் யாருடையது, என்ன திட்டம், அழைப்பை எங்கே அனுப்புவது என்பதெல்லாம் அங்கேதான். முதலில் புதிய கோரைக் கட்டி, பழையதையும் ஓடவிட்டு, இரண்டையும் இணைத்து, வாடிக்கையாளர் தரவையும் சிம்மின் ரகசியச் சாவிகளையும் நகர்த்த வேண்டும். பிறகு தளங்களைக் கொத்துக் கொத்தாகப் புதிய பக்கம் தள்ள வேண்டும். ஒவ்வொன்றாகத் தள்ளினால், காரில் போகிறவருக்குப் பழைய டவருக்கும் புதிய டவருக்கும் இடையே அழைப்பு அறுந்துபோகும். பக்கத்துப் பக்கத்துத் தளங்களை ஒரே இரவில் மாற்றுவது அதனால்தான். இந்த நேரமெல்லாம் இரண்டு வலையமைப்புக்கும் மின்சாரம், வாடகை, ஆள் என்று இரட்டைச் செலவு.

டவரே இன்னொரு தலைவலி. புதிய ஆன்டெனாவின் எடையும் காற்றுத் தாக்கும் பரப்பும் வேறு. கட்டமைப்புக் கணக்குப் போட்டு, தாங்காது என்றால் இரும்பைப் பலப்படுத்த வேண்டும். மாற்றும்போது பழைய ரேடியோவும் புதியதும் சில நாள் சேர்ந்து தொங்கும். அந்தச் சுமையையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஏறி வேலை செய்யப் பயிற்சி பெற்றவர்கள் குறைவு. 2022-இல் எல்லா நிறுவனங்களுக்கும் அதே ஆட்கள்தான் தேவைப்பட்டார்கள். மொன்டானா, வயோமிங் மலைத் தளங்களுக்குப் பனிக்காலத்தில் லாரி போகாது. கருவி அக்டோபரில் வந்து சேர்ந்தால் வேலை அடுத்த கோடைக்குத்தான்.

கழற்றியதை விற்றுக் காசாக்கவும் முடியாது. மறுபடி எந்த வலையமைப்பிலும் ஓடாதபடி அழிக்க வேண்டும், அழித்ததற்குச் சான்று வைத்திருக்க வேண்டும். 90 நாளுக்கு ஒருமுறை நிலை அறிக்கை, வருஷத்துக்கு இரண்டு முறை செலவு அறிக்கை. பில் முதல் அழிப்புச் சான்று வரை எல்லா ஆவணமும் கடைசிப் பணம் வந்தபின் 10 வருஷம் பத்திரமாக இருக்க வேண்டும். பத்துப் பதினைந்து பேர் வேலை பார்க்கும் நிறுவனத்தில் இதற்கென்றே ஒருவர் உட்கார வேண்டியிருக்கும்.

இப்போது பணம். 2020 டிசம்பரில் காங்கிரஸ் 190 கோடி டாலர் ஒதுக்கியது. அதே கையோடு தகுதி வரம்பை 20 லட்சம் வாடிக்கையாளரிலிருந்து 1 கோடி வாடிக்கையாளர் வரை உயர்த்தியது. பணம் போதாவிட்டால் 20 லட்சத்துக்குக் கீழே உள்ளவர்களுக்கே முன்னுரிமை என்றும் எழுதியது. 2020 ஜூன் 30 வரை வாங்கிய ஹுவாவே, இசட்டிஇ கருவிகளுக்கு மட்டும் பணம். அதற்குப் பின் வாங்கியிருந்தால் அது உங்கள் தலைவலி. 2022 ஜனவரியில் விண்ணப்பக் கெடு முடிந்தபோது 181 விண்ணப்பங்கள், கேட்ட தொகை சுமார் 560 கோடி டாலர். சரிபார்த்துக் கழித்தபின் நியாயமான செலவு 498 கோடி டாலர் என்று ஆணையம் ஒப்புக்கொண்டது. முன்னுரிமைக்காரர்களின் கணக்கே கையிருப்பைத் தாண்டியது. ஆகவே 2022 ஜூலையில் மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை, முன்னுரிமைக்காரர்களுக்கு ஒரே விகிதம் என்று அறிவித்தார்கள்: 39.5 சதவீதம்.

இது ஒரு சிறு நிறுவனத்தை எப்படிப் பிடிக்கும் என்று பாருங்கள். ஒரு கணக்குக்கு, ஒப்புக்கொண்ட செலவு 5 கோடி டாலர் என்று வைத்துக்கொள்வோம். அரசு தருவது 1 கோடியே 97 லட்சத்து 50 ஆயிரம். மீதி 3 கோடிக்கு மேல் கடன் வாங்க வேண்டும். வங்கி கேட்கும் முதல் கேள்வி, இந்த முதலீட்டால் வருமானம் எவ்வளவு கூடும் என்பது. கூடாது. அதே வாடிக்கையாளர், அதே கட்டணம், கருவி மட்டும் வேறு. அப்படிப்பட்ட கடனை எந்த வங்கி தரும்? ஆனால் திட்டத்தில் சேர்ந்தவர் பழைய கருவியை முழுவதுமாகக் கழற்றியே தீர வேண்டும், 39.5 சதவீதத்துக்கு 39.5 சதவீத டவர்கள் என்ற சலுகை இல்லை.

கெடுவும் அங்கே ஒரு பொறி. வேலையை முடிக்க ஒரு வருஷம். அந்த வருஷம் முதல் தவணை கைக்கு வந்த நாளிலிருந்து ஓட ஆரம்பிக்கும். அதனால் முதல் பில்லை அனுப்பவே தயங்கினார்கள். ஆனால் ஒப்புதல் கிடைத்த ஒரு வருஷத்துக்குள் ஒரு பில்லாவது அனுப்பாவிட்டால் ஒதுக்கீடே போய்விடும். பின்னர் ஆறு ஆறு மாதமாகக் கால நீட்டிப்புக் கேட்டு மனுக்கள் குவிந்தன. பணப் பற்றாக்குறையையும் ஆணையம் காரணமாக ஏற்றது. இதற்கிடையே பழைய கருவிக்கு உதிரிபாகமும் மென்பொருள் திருத்தமும் கிடைப்பது கடினமாகிவிட்டது, ஏனென்றால் 2019 மே மாதமே வணிகத் துறை ஹுவாவேயைத் தன் ஏற்றுமதித் தடைப்பட்டியலில் சேர்த்துவிட்டது. பழையது பழுதானால் சரிசெய்ய வழியில்லை, புதியது வாங்கக் காசில்லை. அப்போதைய ஆணையத் தலைவர் ஜெசிகா ரோசன்வர்செல் காங்கிரசுக்குத் திரும்பத் திரும்பக் கடிதம் எழுதினார்: சில நிறுவனங்கள் கடையை மூடினால் சில ஊர்களில் 911 அவசர அழைப்புக்குக்கூட சிக்னல் இருக்காது என்று. நுகர்வோர் பாதுகாப்புக்காகப் போட்ட சட்டம் நுகர்வோரின் சிக்னலையே பறிக்கும் நிலை.

பாக்கி 308 கோடி டாலருக்கு எதிர்ப்பு யார் தெரியுமா? யாருமே இல்லை. இரு கட்சியிலும் எல்லோரும் தரவேண்டும் என்றே சொன்னார்கள். சிக்கல், புதிய செலவுக்கு ஈடான வரவைக் காட்ட வேண்டும் என்பது. அலைக்கற்றை ஏலப் பணத்தைக் காட்டலாம் என்று எல்லோரும் அதையே நம்பியிருந்தார்கள். ஆனால் ஏலம் விடும் அதிகாரமே 2023 மார்ச் 9 அன்று காலாவதியானது. 1993-க்குப் பிறகு முதல்முறை. அதைப் புதுப்பிக்க விடாமல் தடுத்தது வேறொரு தகராறு: ராணுவ ரேடார்கள் பயன்படுத்தும் கீழ் 3 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை செல்போன் நிறுவனங்களுக்குத் திறந்துவிடுவதா கூடாதா என்று. போதாக்குறைக்கு ஏழைக் குடும்பங்களுக்கான இணைய மானியத்துக்கும் அதே பணப்பையில்தான் கை நீட்டினார்கள். அந்த மானியம் 2024 ஜூன் மாதம் நின்றே போனது. எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரு செலவை, யாரும் ஒத்துக்கொள்ளாத ஒரு வரவில் கட்டிவைத்தால் இப்படித்தான் ஆகும்.

முடிச்சு அவிழ்ந்தது 2024 டிசம்பரில். பெரிய ஏலச் சண்டையை ஓரமாக வைத்துவிட்டு, ஒரே ஒரு ஏலத்துக்கு மட்டும் அனுமதி கொடுத்தார்கள்: ஏற்கெனவே ஒருமுறை ஏலம் போய்த் திரும்பி வந்த ஏடபிள்யூஎஸ்-3 என்ற செல்போன் அலைவரிசையின் உரிமங்கள். அந்த வரவை நம்பி, ஆணையம் கருவூலத்திலிருந்து 308 கோடி டாலர் கடன் வாங்கலாம். ஏலத்தை 18 மாதத்துக்குள் தொடங்க வேண்டும். இதை 2025 நிதியாண்டின் பாதுகாப்புத் துறைச் சட்டத்தோடு இணைத்தார்கள். ஒவ்வொரு வருஷமும் எப்படியும் நிறைவேறும் மசோதா அது. டிசம்பர் 18 அன்று செனட்டில் 85-14, டிசம்பர் 23 அன்று கையெழுத்து. தனி மசோதாவாக இரண்டு வருஷம் இழுபட்டது, பின்னால் கட்டிய பெட்டியாகச் சில நாட்களில் கரை சேர்ந்தது. பொது ஏல அதிகாரம் திரும்பியது 2025 ஜூலையில்; அது குடியரசுக் கட்சி வாக்குகளால் மட்டும், துணை அதிபரின் ஒரு வாக்கு வித்தியாசத்தில் செனட்டைத் தாண்டிய சட்டத்தில். பணம் வரும் இடத்தில் இருகட்சி ஒற்றுமை எவ்வளவு மெலிதானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இதே குடும்பத்தில் இன்னொரு சட்டம்: 2021 நவம்பர் 11 அன்று கையெழுத்தான பாதுகாப்பான கருவிகள் சட்டம். முன்மொழிந்தவர்கள் சபையில் ஸ்டீவ் ஸ்கலைஸ் (குடியரசுக் கட்சி), அன்னா எஷூ (ஜனநாயகக் கட்சி). செனட்டில் மார்கோ ரூபியோ (குடியரசுக் கட்சி), எட் மார்க்கி (ஜனநாயகக் கட்சி). சபை வாக்கு 420-4. முந்தைய தடைகளில் ஓர் ஓட்டை இருந்தது. அரசுப் பணத்தில் வாங்கினால்தான் தடை. சொந்தப் பணத்தில் அதே கருவியை யாரும் வாங்கலாம். இந்தச் சட்டம் பணத்தை விட்டுவிட்டு அனுமதி முத்திரையில் கைவைத்தது. அமெரிக்காவில் விற்கும் ரேடியோ அலையில் சிக்னல் அனுப்பும் பெரும்பாலான கருவிகளுக்கு எஃப்.சி.சி. அனுமதி எண் வேண்டும்; ரவுட்டரின் அடிப்பக்க ஸ்டிக்கரில் அதைப் பார்க்கலாம், ஆணையத்தின் தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் யார் பெயரில் அனுமதி என்று தெரியும். தடைப்பட்டியலில் உள்ள கருவிக்குப் புதிய எண் கிடையாது. இதற்குக் கூடுதல் அரசுச் செலவு ஏதுமில்லை என்பதால் பணச் சண்டையும் இல்லை. ஒரு வருஷத்தில் விதிகள் வந்துவிட்டன. ஹிக்விஷன், தாஹுவா வழக்குப் போட்டன. 2024 ஏப்ரலில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் தடை செல்லும் என்றது. ஆனால் 'முக்கிய உள்கட்டமைப்பு' என்பதற்கு ஆணையம் தந்த விளக்கம் அளவுக்கு மீறிப் பரந்தது என்று அதை மட்டும் ரத்து செய்தது. அந்த நிறுவனங்களின் வீடியோ கருவிகளுக்கான தடை, எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதைப் பொறுத்தது. வீட்டு வாசலில் ஏற்கெனவே மாட்டியிருந்த கேமராவைக் கழற்றச் சொல்லி யாரும் வரவில்லை.

பாதுகாப்பு உண்மையில் கூடியதா? ஒரு கதவு மூடியது. 2024-இல் வெளிவந்த 'சால்ட் டைஃபூன்' ஊடுருவலில் சீன அரசோடு தொடர்புள்ளவர்கள் என்று சொல்லப்படும் ஹேக்கர்கள் புகுந்தது ஏடி அண்ட் டி, வெரைசன் போன்ற பெரிய நிறுவனங்களில். கிராமத்து ஹுவாவே டவர்களில் அல்ல. ராணுவத் தளங்களுக்கு அருகே நிற்கும் டவரில் யாருடைய மென்பொருள் ஓடுகிறது என்பது நியாயமான கவலைதான், நான் அதை மறுக்கவில்லை. ஆனால் கருவி யாருடையது என்பதைவிட அதற்குத் திருத்தம் நேரத்தில் போடப்படுகிறதா என்ற கேள்வி பல இடங்களில் அவசரமானது. அதற்கு இந்தச் சட்டத்தில் ஒரு வரியும் இல்லை. வேடிக்கை என்னவென்றால், அந்த ஊடுருவல் தந்த அதிர்ச்சியும் பாக்கிப் பணம் நகர ஒரு காரணமானது.

இந்தியா பற்றிய கேள்விக்கு: ஒப்பானது உண்டு, ஆனால் அது நாடாளுமன்றச் சட்டமாக வரவில்லை. தொலைத்தொடர்புத் துறைக்கான தேசியப் பாதுகாப்பு வழிகாட்டுதலுக்கு 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவையின் பாதுகாப்புக் குழு ஒப்புதல் தந்தது. 2021 ஜூன் 15 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. தேசிய இணையப் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் 'நம்பகமான மூலம்' என்று ஒப்புக்கொண்ட நிறுவனங்களின் கருவிகளைத்தான் புதிதாக இணைக்கலாம். முக்கிய வழி பெயர் சொல்லித் தடை அல்ல, பெயர் சொல்லி அனுமதி. ஏற்கெனவே ஓடுகிற கருவியைக் கட்டாயம் கழற்ற வேண்டும் என்று அது சொல்லவில்லை. அதனால் 'பிடுங்கி மாற்று' நிதியும் தேவைப்படவில்லை, டவர் டவராக 39.5 சதவீதக் கணக்கும் வரவில்லை. பழைய கருவி தன் ஆயுள் முடியும் வரை அங்கேயே இருக்கும். அமெரிக்கா 498 கோடி டாலர் கொடுத்து விரட்ட நினைத்த ஆபத்தை, இந்தியா காசு செலவழிக்காமல் கொஞ்ச காலம் தாங்கிக்கொள்ளத் தீர்மானித்தது. இங்கே டவர்களில் பெரும்பகுதி பெரிய நிறுவனங்கள் கையில் என்பதால் அது கட்டுப்படியாகிறது. நாற்பது டவர் வைத்திருக்கும் வயோமிங் நிறுவனத்துக்கும் 2020-இல் இந்த வழியைத் திறந்துவிட்டிருக்கலாம் என்பது என் எண்ணம்.